பின்கட்டு வியாதி

கணையத்தில் புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. மார்பிலோ கருப்பையிலோ வந்த புற்று என்றால் எந்த ஆஸ்பத்திரி, என்ன சிகிச்சை, எத்தனை நாள் தங்க வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்று பத்துக் கேள்விகள் எழும். கணையம் என்றதும் எழுவது ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை மாதம்? இந்த விரக்திக்குக் காரணமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 2022-ம் ஆண்டில் உலகம் முழுவதிலும் இந்நோய் புதிதாகக் காணப்பட்டவர்கள் ஏறக்குறைய 5 லட்சத்து 10 ஆயிரம் பேர். அதே ஆண்டில் இதனால் மாண்டவர்கள் ஏறக்குறைய 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். வரவும் செலவும் இவ்வளவு நெருங்கி நிற்கும் கணக்குப் புற்றுநோய்களிலேயே அபூர்வம்.

ஆயினும் இந்தக் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்க நாட்டுப் புள்ளிவிவரப்படி, நோய் கணையத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது பிடிபட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் அளவில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருக்கிறார்கள். வேறு அவயவங்களுக்குப் பரவிய பின்னர் பிடிபட்டவர்களிலோ அவ்விதம் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். ஏறக்குறைய பாதிப் பேர் இந்த இரண்டாவது நிலையில்தான் டாக்டரிடம் வந்து சேருகிறார்கள். வியாதியின் கொடுமை ஒரு பக்கம் இருக்க, அதை நாம் கண்டுகொள்ளும் நேரத்தின் கொடுமை மற்றொரு பக்கம் இருக்கிறது. இந்த வாரம் அந்த இரண்டாவது பக்கத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இந்தப் பேச்சில் புதுக்கோட்டைச் சீமையாருக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. அங்கே திருக்கோகர்ணத்தில் 1886-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி பிறந்த பெண் குழந்தைதான் பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவைத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்திவந்த அம்மையார், 1923-ல் தம் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் அவரைவிட்டு நீங்கவேயில்லை. இந்நோய்க்கென்று ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று அதிகாரிகளிடமும் மந்திரிகளிடமும் பல ஆண்டுகள் நடந்தார். புற்று வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு ஒரு தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டென்பதைப் பிற்காலத்தில் டாக்டர் சாந்தா பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கடைசியில் 1954-ம் ஆண்டு அடையாற்றில், பன்னிரண்டு படுக்கைகளோடு, அந்த ஆஸ்பத்திரி பிறந்தது.

அதன் பிறகு நடந்தது நேயர்கள் அறிந்ததே. கருப்பை வாயில் வரும் புற்று ஆரம்பத்தில் பிடிபட்டால் குணமாகிறது. அக்காலத்தில் குழந்தைகளுக்கு யமனாகவே வந்த இரத்தப் புற்றிலிருந்து இன்று பெரும்பாலான குழந்தைகள் மீள்கிறார்கள். "சாகத்தானே போகிறார்கள்" என்ற சொல் ஒவ்வோர் அவயவமாகத் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அது இன்னும் பெருமளவு தோற்காமல் நிற்கும் இடங்களில் முக்கியமானது கணையம். ஏன் என்று பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களில் நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முகப்பில் நிற்பவனுக்கு வளவு வரையில் கண்ணுக்குத் தெரியும். பின்கட்டில் என்ன நடக்கிறதென்பது தெரியவே தெரியாது. நமது வயிறும் அப்படிப்பட்ட ஒரு வீடுதான். இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கின்றன; டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு புலப்படும். கணையமோ இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் பின்கட்டில் படுத்திருக்கிறது. சுமார் பதினைந்து சென்டிமீட்டர் நீளம், நூறு கிராமுக்கு உட்பட்ட எடை. அதன் தலைப்பாகம் சிறுகுடலின் முதல் வளைவுக்குள் புகுந்து கிடக்கும். வால் பாகம் இடது பக்கம் மண்ணீரலைத் தொடும். செய்யும் வேலை இரண்டு. உண்ட சோற்றையும் பருப்பையும் நெய்யையும் கரைப்பதற்கான ஜீரண நீரைச் சுரந்து, ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஒழுங்கில் வைக்கும் இன்சுலினைச் சுரப்பது மற்றொன்று. பெரிய வேலை செய்கிறவர்கள் பலர் போலவே கணையமும் தன்னைப் பற்றிப் பேச்சே எழாதபடி ஆயுள் முழுவதும் வேலை செய்கிறது. அதனால்தான் அது எங்கே இருக்கிறதென்று படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த அவயவத்தில் வரும் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை ஜீரண நீர் ஓடும் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்களில் தோன்றுகின்றன. செல் என்பது உடலின் மிகச் சிறிய உயிர்க்கூறு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்ற விதிகள் மரபணுக்களாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் கே-ராஸ் என்று ஒரு மரபணு உண்டு. செல்லைப் பெருகச் சொல்லும் விசை அது. வேண்டும்போது திறந்து வேலை முடிந்ததும் மூடிக்கொள்வது அதன் இயல்பு. என்றோ ஒருநாள், ஏதோ ஒரு செல்லில், ஓர் எழுத்துப் பிழையால் அந்த விசை திறந்தபடியே நின்றுவிடுகிறது. கணையப் புற்றுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் இந்தப் பிழை காணப்படுகிறது. ஆனால் இதுமட்டும் இருந்தால் புற்று ஆகிவிடாது. வயது முதிர்ந்து வேறு காரணத்தால் இறந்தவர்களின் கணையத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், இத்தகைய சிறு மாறுதல்கள் பலரிடத்தும் தென்படுகின்றன. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, வண்டிக்கு முட்டுக்கட்டை என்று இருப்பதைப் போலச் செல்லுக்கும் தடைகள் பல உண்டு. அவை ஒவ்வொன்றாக அறுபட வேண்டும். சி.டி.கே.என்.2ஏ, டி.பி.53, எஸ்.எம்.ஏ.டி.4 என்று அத்தடைகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்கள் நாவில் நுழையாதவை. நேயர்கள் அவற்றை மறந்துவிடலாம். மறக்கக் கூடாதது, அவை அறுபடுவதற்கு ஆகும் காலம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் பிறரும் 2010-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்நோயால் இறந்த ஏழு பேரின் கட்டிகளிலிருந்து மரபணுப் பிழைகளை எண்ணி, அவை எவ்வளவு காலத்தில் சேர்ந்திருக்க வேண்டுமென்று கணக்கிட்டார்கள். முதற் பிழையிலிருந்து உண்மையான புற்றின் முதற் செல் தோன்றுவதற்குச் சராசரி பதினொன்றே முக்கால் ஆண்டு. அதிலிருந்து வேறிடத்துக்குப் பரவும் சக்தி பெறுவதற்கு மேலும் ஏறக்குறைய ஏழு ஆண்டு. அதன் பிறகு மரணம் வரையில் மூன்று ஆண்டுக்கும் குறைவு.

இது ஏழு பேரை வைத்துப் போட்ட கணக்கு என்பதை மறைப்பது நியாயமன்று. 2016-ல் கனடா தேசத்து டொரண்டோவிலிருந்து வெளியான ஓர் ஆராய்ச்சி, நூற்றுக்கு மேற்பட்ட கட்டிகளைப் பரிசோதித்து, சிலவற்றில் தடைகள் படிப்படியாக அறுபடாமல் ஒரே அடியில் பல அறுந்துபோவதற்கான அடையாளங்களைக் கண்டது. ஆகவே எல்லோருக்கும் இருபது ஆண்டு அவகாசம் உண்டென்று சொல்ல முடியாது. எனினும், மின்னல் மாதிரி வந்து மூன்று மாதத்தில் ஆளைக் கொண்டுபோகும் நோய் என்று நாம் நினைத்திருப்பது பலர் விஷயத்தில் தவறு. நோய் அவசரப்படவில்லை. பின்கட்டில் வெகு காலம் சாவகாசமாகக் குடியிருந்துவிட்டு, முகப்புக்கு வரும் கடைசி மூன்று மாதத்தைத்தான் நாம் காண்கிறோம்.

பரவும் விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கணையத்தைச் சுற்றிக் கெட்டியான வேலி எதுவும் கிடையாது. அதை ஒட்டியே குடலுக்கும் கல்லீரலுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்கள் ஓடுகின்றன. கட்டி அவற்றைச் சூழ்ந்து பற்றிக்கொண்டால் ரண சிகிச்சை நிபுணரின் கத்திக்கு வேலையில்லாமல் போகிறது. நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டியை அறுத்தெடுக்கும் நிலைமை ஆரம்பத்தில் வாய்க்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தமெல்லாம் கல்லீரலுக்குப் போய்ச் சேருவதால், தப்பிய செல்களும் அந்த ஓட்டத்தில் போய்க் கல்லீரலில் முதலில் வேரூன்றுகின்றன. வயிற்றின் உட்சவ்விலும் நுரையீரலிலும் பின்னர் இறங்குகின்றன. முதுகெலும்பின் முன்னால் இருக்கும் நரம்புப் பின்னலைப் பற்றி ஊர்ந்து செல்வது இந்தப் புற்றின் விசேஷ குணம். சாப்பிட்ட பின் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போவதும், மல்லாந்து படுத்தால் அதிகரித்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிவதுமான வலிக்குக் காரணம் அதுதான். இது போதாதென்று, கட்டி தன்னைச் சுற்றித் தழும்பைப் போன்ற கெட்டியான சதையையும் வளர்த்துக்கொள்கிறது; மருந்து எளிதில் உட்புகாது.

இனி, அது முகப்புக்கு வருமுன் ஏதாவது ஆள் அனுப்புகிறதா என்று கேட்கலாம். அனுப்புகிறது. ஆனால் நாம் அந்த ஆட்களை வேறு யாரோ என்று நினைத்து உள்ளே அழைத்து உட்கார வைத்துவிடுகிறோம்.

முதலாவது ஆள் காமாலை. கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாய் கணையத்தின் தலையினூடே சென்றுதான் குடலை அடைகிறது. தலைப்பாகத்தில் ஒரு சிறிய கட்டி வந்தாலே அந்தக் குழாய் நெரிபடும்; பித்தம் இரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாகும். சிறுநீர் கறுத்துப்போகும், மலம் பித்தமின்றிக் களிமண் போல் வெளுக்கும், உடம்பு முழுவதும் நமைச்சல் எடுக்கும். வலி இராது, ஜுரம் இராது. உண்மையில் இது நோயாளியின் அதிர்ஷ்டம். வால் பாகத்தில் வரும் கட்டி இப்படி எச்சரிக்காமல் பெரிதாகிவிடும். தலையில் வருவதோ சிறிதாக இருக்கும்போதே கண்ணில் எழுதிக் காட்டுகிறது.

அந்த அதிர்ஷ்டத்தை நம்மூரில் பெரும்பாலும் கீழாநெல்லியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். கீழாநெல்லியை நாம் குறைத்துப் பேசவில்லை. தண்ணீராலும் உணவாலும் தொற்றி வாலிபர்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் காமாலை, பத்தியமாக இருந்து ஓய்வெடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அந்த நாட்களில் அரைத்துக் குடித்த பச்சிலைக்கு அதன் பெருமை போய்ச் சேருகிறது, சேரட்டும். ஆனால் நெரிபட்ட குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, ஜுரமும் வலியும் இல்லாமல், நமைச்சலோடும் வெளுத்த மலத்தோடும் காமாலை வந்தால், அது இன்னொரு வியாதி. ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்று நாற்பத்தெட்டு நாள் காத்திருந்தால், ரண சிகிச்சைக்குத் தகுதியாக இருந்த கட்டி அந்தத் தகுதியை இழந்துவிடலாம். இத்தகைய காமாலைக்கு அன்றே வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. பித்தப்பைக் கல்லாக இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்; பல பேருக்கு அதுவாகவே இருக்கும்.

இரண்டாவது ஆள்தான் மிகவும் தந்திரசாலி. அவர் நமக்கு நெருங்கிய உறவினர் வேடத்தில் வருகிறார்: சர்க்கரை வியாதி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பின்படி நமது தேசத்தில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. எந்த வீட்டில் இல்லை? ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் ஒருவருக்குப் புதிதாகச் சர்க்கரை என்றால், "உங்களுக்கும் வந்துவிட்டதா?" என்று விசாரித்து, வெந்தயத்தையும் பாகற்காயையும் சிபாரிசு செய்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இங்கே தென்னாட்டுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் ஓர் உறவு இருக்கிறது. கணையக் குழாயில் கற்கள் சேர்ந்து, சிறு வயதிலேயே வயிற்று வலியும் பிறகு நீரிழிவும் உண்டாக்கும் நாட்பட்ட கணைய அழற்சி ஒன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதிகமாகக் காணப்பட்டது. மரவள்ளிக் கிழங்கின்மேல் வெகு காலம் பழி போட்டார்கள். பின்வந்த ஆராய்ச்சிகள் அந்தப் பழியை உறுதிசெய்யாமல் மரபணுக் காரணங்களைக் காட்டின. இந்நோய் இப்போது அருகி வருகிறது. இத்தகைய நோயாளிகள் 185 பேரைத் தொடர்ந்து கவனித்து, டாக்டர்கள் சுரேஷ் சாரி, வி. மோகன், எம். விசுவநாதன், என். மதனகோபாலன் முதலியோர் 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்குள் அவர்களில் 24 பேர் இறந்திருந்தார்கள். அந்த 24 பேரில் 6 பேரைக் கொன்றது கணையப் புற்று. ஆகையால் கணையத்தில் கல் இருப்பதாகத் தெரிந்தவர்கள், வலி இல்லாத காலத்திலும் டாக்டரை விட்டு விலகக் கூடாது.

அந்த டாக்டர் சாரி பின்னர் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்துகொண்டு, கல் இல்லாத சாதாரண ஜனங்களிடத்துச் சர்க்கரைக்கும் கணையப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். தெரிந்த விஷயம் இது: கணையப் புற்று கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாக வந்தது. கட்டியை அறுத்தெடுத்த பின்னர் அவர்களில் பலருக்குச் சர்க்கரை தணிந்தும் விட்டது. அதாவது, அந்தச் சர்க்கரை புற்றின் காரணமன்று, அதன் காரியம். ஒரு சிறிய கட்டி, காமாலைக்கும் வலிக்கும் எத்தனையோ மாதம் முன்பாகவே, உடம்பின் சர்க்கரைக் கணக்கைக் குழப்பத் தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டுச் சர்க்கரை உள்ள நேயர்கள் யாரும் இன்றிரவு தூக்கம் கெட வேண்டியதில்லை. 2005-ல் வெளியான அதே மேயோ ஆராய்ச்சியில், ஐம்பது வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு கண்டவர்களில் மூன்றாண்டுக்குள் கணையப் புற்று வெளிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. அது அமெரிக்கக் கணக்கு. இந்தப் புற்று அங்கே இருப்பதைவிட நமது நாட்டில் வெகு குறைவாகவே வருகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பெரும்பாலும் பொருந்தாது. அப்படியானால் நூறு பேரில் அந்த ஒருவரை எப்படிப் பிரித்தறிவது?

எடையால் பிரித்தறியலாம். சாதாரணமாக நடுவயதுக்குமேல் வரும் சர்க்கரை, உடம்பு பெருத்துக்கொண்டிருக்கும்போது வருவது. புற்றினால் வரும் சர்க்கரையோ உடம்பு மெலிந்துகொண்டிருக்கும்போது வருகிறது. சர்க்கரை மேலே போகிறது, எடை கீழே வருகிறது, பசி குறைகிறது. இனிப்பை நிறுத்தியதால் மெலிந்தோம், நடைப் பயிற்சியால் மெலிந்தோம் என்று நாம் சந்தோஷப்படுவதுதான் இதில் உள்ள அபாயம். சோற்றைக் குறைக்குமுன்பே, நடக்கத் தொடங்குமுன்பே, வேஷ்டியின் இடுப்பும் ரவிக்கையின் கையும் தளர்ந்துவிட்டனவா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமல் ஒருவருக்கு வந்த சர்க்கரை, சில மாதங்களிலேயே மாத்திரைக்கு மேல் மாத்திரை கேட்கும் சர்க்கரை, நெடுநாள் கட்டுக்குள் இருந்து காரணமின்றித் திடீரென்று கட்டு மீறிய சர்க்கரை ஆகியவையும் அப்படியே டாக்டரிடம் எடுத்துச் சொல்லத் தக்கவை. சொன்னால் அவர் வயிற்றை ஒரு முறை நன்றாகப் பார்க்க ஏற்பாடு செய்வார். சொல்லாவிட்டால், நாளொன்றுக்கு நூறு சர்க்கரைக்காரர்களைப் பார்க்கும் அவருக்கு நமது பழைய ரவிக்கை அளவு எப்படித் தெரியும்?

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசோதனை செய்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. முழு உடற்பரிசோதனை என்று விளம்பரம் செய்யும் இரத்தப் பரிசோதனைச் சாலைகள் சில, சி.ஏ. 19-9 என்ற ஒன்றையும் பட்டியலில் சேர்த்து விற்கின்றன. காசைக் கொடுத்துக் கவலையை வாங்கும் வியாபாரம் இது என்பது நமது அபிப்பிராயம். ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகவும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொல்லும் பரிசோதனை கையிலிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள ஒருவரைக் காட்டுவதற்காக, நோயே இல்லாத ஐந்நூறு பேரை அது திகிலடையச் செய்யும். சி.ஏ. 19-9 அவ்வளவு நல்லதும் அன்று. சாதாரணக் காமாலையிலேயே அது ஏறும். பிறவியிலேயே அதைச் சுரக்காதவர்களுக்குப் புற்று முற்றினாலும் ஏறாது. அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்கு இந்தப் புற்றுக்கான பரிசோதனை வேண்டாமென்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழுவும் 2019-ல் மறுபடி உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவே அந்தப் பரிசோதனை உதவும்.

எல்லோரையும் பார்ப்பது வீண். யாரையும் பாராதிருப்பது பாவம். நடுவழி ஒன்றை ஜப்பான் தேசத்தில் ஒரு சிற்றூர் காட்டியிருக்கிறது. ஹிரோஷிமா பிரதேசத்தைச் சேர்ந்த ஒனோமிச்சி என்பது கடற்கரையோரத்தில் உள்ள ஊர். ஜனத்தொகை புதுக்கோட்டை நகரத்தைவிட அதிகம் பெரிதன்று. அங்கே 2007-ல் ஊர் ஆஸ்பத்திரியும் தெருக்களில் தொழில் நடத்தும் சாதாரண டாக்டர்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். புதிதாக வந்த நீரிழிவு, குடும்பத்தில் கணையப் புற்று, நாட்பட்ட கணைய அழற்சி, புகை, மது, உடற்பருமன் போன்ற காரணங்கள் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், தெரு டாக்டர் தம்மிடமுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றைப் பார்ப்பார். கணையக் குழாய் சற்று விரிந்திருந்தாலோ, நீர்க்கட்டி தென்பட்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதுவார். அங்கே வாய் வழியாக இரைப்பைக்குள் குழாயை இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டால் கணையத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். முன்வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கும் பின்கட்டுக்கே போய் விளக்கைத் தூக்கிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியும் இதில் தப்புவது அரிது. சில ஆண்டுகளில் ஒனோமிச்சியில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் விகிதம் நூற்றுக்கு இருபதை எட்டியது. நாடு முழுவதற்குமான சராசரி அப்போது நூற்றுக்குப் பத்துக்கும் கீழ்.

புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சீட்டு எழுதக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே.

புதுக்கோட்டையில் இது நடவாத காரியமா? 2017-ம் ஆண்டு முதல் அங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்படி, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வீடு தேடிச் சென்று பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கந்தர்வகோட்டையிலும் புதிதாகச் சர்க்கரை வந்தவர் யார் என்பது ஏற்கெனவே யாரோ ஒரு ஊழியரின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் அன்றைய எடையையும் ஆறு மாதத்துக்கு முந்திய எடையையும் எழுதி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குச் சர்க்கரை ஏறி எடை இறங்கியிருந்தால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு என்று விதி செய்தால், அதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. ஓர் எடைக் கருவியும் இரண்டு பத்திகளும் போதும். ஜனங்கள் தொகையில் நோய் குறைவானதால் பலன் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும். அதைச் செய்து பார்ப்பதற்கு டாக்டர் முத்துலட்சுமியின் ஊரைவிடத் தகுந்த இடம் நமக்குத் தோன்றவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரைச் சீட்டுகளை வைத்திருக்கும் உறையிலேயே எடையையும் தேதி போட்டு எழுதி வைக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் என்ற நெருங்கிய இரத்த உறவில் இரண்டு பேருக்குக் கணையப் புற்று வந்த குடும்பங்களும், மார்புப் புற்றும் கருவகப் புற்றும் தலைமுறைதோறும் வரும் சில குடும்பங்களும் தனி வகை. அவர்கள் விஷயத்தில் எதையும் காட்டிக்கொள்ளாத காலத்திலேயே ஆண்டுதோறும் பரிசோதிப்பது பயன் தருகிறது. அமெரிக்காவில் இத்தகைய 1,461 பேரைத் தொடர்ந்து பரிசோதித்து 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பரிசோதனையில் பிடிபட்ட ஒன்பது கணையப் புற்றுகளில் ஏழு, முதற் படியிலேயே இருந்தன. ஆனால் எத்தனை குடும்பங்களில் தாத்தா எதனால் இறந்தார் என்று தெரியும்? "வயிற்றுவலி வந்து போனார்" என்பதோடு நமது குடும்ப சரித்திரங்கள் நின்றுவிடுகின்றன. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் கையில் முழுவதும் இருக்கும் காரணம் ஒன்று உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகரெட்டும் பீடியும் தொடாத நல்லவர்கள் பலர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையோடு ஒரு விரல் புகையிலையைச் சேர்த்துக்கொள்வதைக் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை. வாய்ப் புற்றுக்கு மட்டுமின்றிக் கணையப் புற்றுக்கும் மெல்லும் புகையிலை ஒரு காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் தீர்மானித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெற்றிலை பாக்குத் தட்டில் சுண்ணாம்புக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சிறிய டப்பாவை யாராவது இன்றே எடுத்து அப்பால் வைத்துவிட்டால், புகையிலையால் சேர்ந்த அதிகப்படி அபாயம் பத்து முதல் இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கரைகிறது.